மேற்பார்வை யார் மீது? கறுப்பின விவசாயிகளின் கடன் வழக்கும் அமெரிக்க நாடாளுமன்றமும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் நினைவுகூரப்படுபவரைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டுத்தான் பொருளுக்கு வரவேண்டும் என்றொரு வழக்கம் இருக்கிறது. ஐயா அதை விரும்பியிருக்கமாட்டார். அவரிடம் மனு எழுதி வாங்கியவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறீர்கள். எழுதி முடித்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, “நகல் எடுத்தியா?” இரண்டாவது கேள்வி, “எந்தத் தேதியில குடுத்த, யார் கையில குடுத்த?” இன்று நான் சொல்லவிருப்பது அந்த இரண்டு கேள்விகளைப் பற்றியதுதான். ஆனால் நடந்த இடம் அமெரிக்காவின் தென் மாநிலங்கள்.

ஏன் அவ்வளவு தூரம் போகவேண்டும் என்று மாணவர்கள் கேட்கலாம். 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபையிடம் மனுக் கொடுத்திருப்பதாகப் படித்தேன், தீண்டத்தகாத மக்களும் அப்படிச் செய்ய யோசிக்கிறார்கள், அந்த மனுவின் இரண்டு மூன்று பிரதிகள் எனக்குக் கிடைக்குமா என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். டு பாய்ஸ் பதில் எழுதினார். அவர்களுக்கும் நமக்குமான உறவில் ஒரு மனுவின் நகலைக் கேட்டு எழுதிய கடிதம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர்களுடைய கவிதை, நாவல், தன்வரலாறு என்று நிறைய மொழிபெயர்த்துவிட்டோம். அவர்களுடைய கடன் விண்ணப்பங்களை மட்டும் நாம் படித்ததில்லை.

முதலில் நிலக்கணக்கு. உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 ஜனவரியில், தளபதி ஷெர்மன் ஓர் ஆணை போட்டார். தென்கிழக்குக் கடற்கரையில் கைப்பற்றிய நிலத்தை விடுதலையான அடிமைகளுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கவேண்டும் என்பது ஆணை. அதே ஆண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலத்தைப் பழைய பண்ணையார்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். அரசு கொடுத்த நிலம் அவ்வளவுதான். அதன் பிறகு அந்த மக்கள் வாரத்துக்கு உழுது, கூலிக்குப் பருத்தி எடுத்து, காசு சேர்த்து, சொந்தமாக வாங்கினார்கள். 1910 வாக்கில் ஒன்றரைக் கோடி ஏக்கர் அளவு அவர்கள் கையில் இருந்தது. 1920 கணக்கெடுப்பில் கறுப்பின விவசாயிகள் 9,25,000 பேர். அந்த நாட்டு விவசாயிகளில் ஏழில் ஒருவர். அடிமைமுறை ஒழிந்து ஐம்பத்தைந்து ஆண்டுகளில் இதைச் செய்தார்கள்.

1982இல் அந்த எண்ணிக்கை சுமார் 33,000. 1997இல் 18,500தான்.

இடையில் டிராக்டர் வந்தது, பருத்தியில் கூன்வண்டு வந்தது, லட்சக்கணக்கானோர் வடக்கே ஆலை வேலைக்குப் போனார்கள். வெள்ளை விவசாயிகளின் எண்ணிக்கையும் சரிந்தது. ஆனால் இந்த அளவுக்கு இல்லை. இயந்திரத்துக்கு நிறம் தெரியாது. வேறு எங்கோ நிறம் பார்க்கப்பட்டிருக்கிறது.

விவசாயத்தில் பணம் எப்போது தேவைப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். விதைக்கும்போது வேண்டும், அறுக்கும்போதுதான் திரும்பும். பட்டம் தப்பி வருகிற கடன் பிறகு வட்டிக்கு மட்டுமே பயன்படும். அமெரிக்காவில் தனியார் வங்கி கடன் தராத விவசாயிக்குக் கடைசிப் புகலாக வேளாண் துறையின் கடன் பிரிவு இருந்தது. பணம் வாஷிங்டனிலிருந்து வரும். யாருக்கு எப்போது என்பதைக் கவுன்டி அளவில் தீர்மானிப்பார்கள். கவுன்டி என்பதை நம் தாலுகா போல வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ளூர் விவசாயிகள் தேர்ந்தெடுக்கிற ஒரு சிறு கமிட்டி இருக்கும். கேட்க நல்ல ஜனநாயகமாக இருக்கிறதல்லவா? 1990களின் நடுவில் நாடு முழுவதும் இருந்த 8,147 கமிட்டி உறுப்பினர்களில் கறுப்பினத்தவர் 37 பேர். நம் கூட்டுறவுச் சங்கத் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அந்தக் கமிட்டி பெரும்பாலும் “இல்லை” என்று சொல்வதில்லை. படிவம் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வா என்று சொல்லும். படிவம் கொடுத்தால் ஒரு தாள் குறைகிறது என்று திருப்பியனுப்பும். தென்கிழக்கு மாநிலங்கள் சிலவற்றில் கறுப்பின விவசாயியின் விண்ணப்பம் முடிவாக, வெள்ளை விவசாயிக்கு ஆவதைப்போல் மூன்று மடங்கு காலம் ஆனது என்று பின்னர் நீதிமன்றம் பதிவு செய்தது. ஏப்ரலில் விதைக்க வேண்டியவனுக்கு ஜூனில் பணம் வரும். விளைச்சல் பாதியாகும், தவணை தவறும். தவறியதும் அதே அலுவலகம் நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவரும். ஏலத்தில் எடுப்பவர் பல நேரம் பக்கத்து நிலத்துக்காரர். கமிட்டியில் இருப்பவரும் அவருடைய ஆளாகத்தான் இருப்பார்.

கடன் கிடைத்தாலும் பலருக்கு அது “மேற்பார்வைக் கணக்கில்” போடப்பட்டது. கணக்கு விவசாயி பெயரில் இருக்கும். ஒவ்வொரு முறை பணம் எடுக்கவும் கவுன்டி அதிகாரி கூடவே கையெழுத்துப் போடவேண்டும். உரம் வாங்கக் கையெழுத்து, டீசலுக்குக் கையெழுத்து. இந்த மேற்பார்வை என்ற சொல்லை இன்று முழுக்கப் பிடித்துக்கொள்ளுங்கள். விவசாயி மீது மேற்பார்வை இருந்தது. அலுவலகத்தின் மீது யாருடைய மேற்பார்வை இருந்தது?

சட்டப்படி நாடாளுமன்றத்தின் மேற்பார்வை. அங்கே அதற்குக் காங்கிரஸ் என்று பெயர். நம் ஊர்க் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதால் நாடாளுமன்றம் என்றே சொல்கிறேன். இரு அவைகளிலும் வேளாண் குழுக்கள் உண்டு. நிதி ஒதுக்கும் துணைக்குழுக்கள் உண்டு. அமைச்சரை அழைத்துக் கேள்வி கேட்கலாம், கோப்பு கேட்கலாம், பணத்தை நிறுத்தலாம். பெரிய அதிகாரம்தான்.

அந்த நாற்காலிகளில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். கீழவையில் வேளாண் நிதித் துணைக்குழுவுக்கு 1949இல் தலைவரானவர் மிசிசிப்பியின் ஜேமி விட்டன். நடுவில் இரண்டு ஆண்டுகள் தவிர்த்துப் பல பத்தாண்டுகள் அவர்தான். அமைச்சர்கள் மாறுவார்கள், இவர் மாறமாட்டார். அதனால் ‘நிரந்தர வேளாண் அமைச்சர்’ என்றே பெயர் வாங்கினார். அதற்கு முன்பே 1946இல் ஒரு சம்பவம். வேளாண் துறையின் பொருளியல் பிரிவு மிசிசிப்பியில் கோஹோமா கவுன்டியின் சமூக நிலையை ஆராய்ந்து, அங்குள்ள நிறவெறியைப் பற்றியும் எழுதியிருந்தது. விட்டன் அதைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிரிவு இனிச் சமூக ஆய்வே செய்யக்கூடாது என்று நாடாளுமன்றம் தடுத்தது. இதுவும் நாடாளுமன்ற மேற்பார்வைதான். எண்ணிப் பார்க்கக்கூடாது என்பதை உறுதிசெய்த மேற்பார்வை.

மேலவையில் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட். மிசிசிப்பியின் சன்ஃப்ளவர் கவுன்டியில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் பருத்திப் பண்ணை வைத்திருந்தவர். வேளாண் குழு உறுப்பினர். அதே வேளாண் துறையிடமிருந்து 1960களில் ஓர் ஆண்டுக்கு லட்சம் டாலருக்கு மேல் மானியம் வாங்கியவர். அதே சன்ஃப்ளவர் கவுன்டியில் பண்ணைக் குடியிருப்பில் வாழ்ந்தவர் ஃபேனி லூ ஹேமர். 1962இல் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனதற்காகவே பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டவர். 1969இல் 40 ஏக்கரில் சுதந்திரப் பண்ணை என்ற கூட்டுறவைத் தொடங்கினார். அது நூற்றுக்கணக்கான ஏக்கராக வளர்ந்தது, ஆனால் எழுபதுகளின் நடுவில் கடனும் வரியும் சேர்ந்து நிலம் போனது. ஒரே கவுன்டி, ஒரே மண். ஒருவர் மேற்பார்வைக் குழுவில், இன்னொருவர் ஏலத்தில்.

சட்டம் நல்லதாக இருக்கும்போதும் இதுதான் நடந்தது. 1933இல் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், பருத்தி விலையைத் தூக்கப் பயிரிடும் பரப்பைக் குறைத்தால் பணம் தருகிறோம் என்றது அரசு. பணம் நில உடைமையாளர் கைக்குப் போனது. பரப்பு குறைந்ததால் வாரக் குடிகள் தேவையில்லை என்று துரத்தப்பட்டார்கள். குடிகளை வெளியேற்றக்கூடாது என்று சட்டத்துக்குப் பொருள் சொன்ன வேளாண் துறை வழக்கறிஞர்கள் 1935இல் வேலையை இழந்தார்கள். அர்கன்சாவில் வெள்ளைக் குடிகளும் கறுப்புக் குடிகளும் ஒரே சங்கத்தில் சேர்ந்து போராடியது அப்போதுதான்.

ஜார்ஜியா மாநிலத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1969இல் சார்ல்ஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட் உள்ளிட்ட சிவில் உரிமைப் போராளிகள் லீ கவுன்டியில் ஏறக்குறைய 6,000 ஏக்கர் வாங்கி ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்ற பொதுநில அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். வாக்குரிமை கேட்டதற்காக வீட்டை இழந்த குடும்பங்கள் வாழ ஓர் இடம் என்பது அடிப்படை. ஷெர்லியின் தந்தையை 1965இல் ஒரு வெள்ளை விவசாயி சுட்டுக் கொன்றிருந்தார், யாரும் தண்டிக்கப்படவில்லை. எழுபதுகளில் தொடர்ந்து வறட்சி. சுற்றியிருந்த வெள்ளை விவசாயிகளுக்கு அவசரக் கடன் கிடைத்தது. இவர்கள் கேட்டபோது இழுத்தடித்தார்கள். ஆண்டுகள் கழித்துக் கிடைத்த கடனுக்கு மொத்த நிலமும் ஈடு. 1985இல் நிலம் போயிற்று. வறட்சி எல்லார் வயலிலும் ஒன்றாகத்தான் இருந்தது. கடன் வந்த நாள்தான் வேறு.

இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் மனுக் கொடுக்கவில்லையா என்றால், கொடுத்தார்கள். வேளாண் துறையிலேயே சிவில் உரிமைப் பிரிவு இருந்தது. 1965இலும் 1982இலும் அரசின் சிவில் உரிமை ஆணையமே அறிக்கை எழுதியது. மறு ஆண்டே, 1983இல், ரேகன் ஆட்சியில் அந்தப் புகார்ப் பிரிவு கலைக்கப்பட்டது. அலுவலகம் கலைந்தது யாருக்கும் தெரியாது. பெயர்ப்பலகை இருந்தது. மனுக்கள் வந்துகொண்டே இருந்தன. விசாரிக்க ஆள் இல்லை. சில மனுக்கள் படிக்காமலே குப்பையில் போடப்பட்டன என்று 1999 தீர்ப்பில் நீதிபதி எழுதியிருக்கிறார். நம் மனுவும் குப்பைக்குப் போவது புதிதல்ல. இங்கே புதிது என்னவென்றால் அது ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் பதிவானது.

இந்த இடத்தில் ஒரு சட்டச் சிக்கல் வருகிறது. மாணவர்கள் கவனிக்கவேண்டும். கடன் தருவதில் பாகுபாடு கூடாது என்று 1974இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. முதலில் பாலினமும் திருமண நிலையும், 1976இல் நிறமும் இனமும் சேர்ந்தன. நல்ல சட்டம். ஆனால் பாகுபாடு நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடவேண்டும் என்று அப்போது விதி இருந்தது. விவசாயி என்ன செய்தான்? துறையிடம் மனுக் கொடுத்தான், பதில் வரும் என்று காத்திருந்தான். இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. பதில் சொல்லாமல் இருந்த அதே அரசு, வழக்கு வந்தபோது “காலம் கடந்துவிட்டது” என்று சொல்ல முடிந்தது. காத்திருந்ததையே குற்றமாக்கிய சட்டம்.

1996 டிசம்பரில் கறுப்பின விவசாயிகள் வெள்ளை மாளிகைக்கு முன்னால் கோவேறு கழுதையோடு வந்து நின்றார்கள். ‘40 ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்’ என்ற பழைய வாக்குறுதியைத்தான் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வேளாண் அமைச்சர் டான் கிளிக்மன் விசாரணைக் குழு அமைத்தார். குழு ஊர் ஊராகப் போய்க் கேட்டு 1997 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. ஆகஸ்டில் வடக்கு கரோலினாவின் டிமதி பிக்ஃபர்டும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். அதுதான் பிக்ஃபர்ட் எதிர் கிளிக்மன்.

இந்த வழக்கை நடத்த முடிந்ததற்குக் காரணம் 1998 அக்டோபரில் நாடாளுமன்றம் செய்த ஒரு காரியம். ஒரு பெரிய நிதி மசோதாவுக்குள் ஒரு பிரிவைச் சேர்த்து, 1981 முதல் 1996 வரை நடந்த பாகுபாட்டுக்கு, 1997 ஜூலைக்கு முன் மனுக் கொடுத்திருந்தவர்களுக்குக் காலவரம்பு கிடையாது என்றது. கண்காட்சி இல்லை, பெரிய உரை இல்லை. ஆனால் நூறு விசாரணைக் கூட்டங்கள் செய்யாததை அந்தப் பிரிவு செய்தது. சட்டமன்றங்களைப் பற்றி நான் பொதுவாக நம்பிக்கையோடு பேசுபவனல்ல. இந்த ஒரு பிரிவுக்காகச் சற்று இறங்கி வருகிறேன்.

1999 ஏப்ரல் 14 அன்று நீதிபதி பால் ஃபிரீட்மன் சமரச ஒப்பந்தத்தை ஏற்றார். ஒப்பந்தம் இரண்டு வழி வைத்தது. குறைந்த சான்றோடு வருபவருக்கு 50,000 டாலரும் துறையிடம் உள்ள கடன் தள்ளுபடியும். பெரிய இழப்பு என்று சொல்பவர் வலுவான சான்றோடு ஒருநாள் விசாரணைக்கு வரலாம், தொகைக்கு வரம்பில்லை. பெரும்பாலோர் முதல் வழியில்தான் போனார்கள்.

“குறைந்த சான்று” என்றார்களே, அது என்ன தெரியுமா? உன்னைப் போலவே நிலமும் பயிரும் வைத்திருந்த ஒரு வெள்ளை விவசாயியைக் காட்டு, அவனுக்குக் கடன் கிடைத்தது உனக்குக் கிடைக்கவில்லை என்று காட்டு. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வயல்காரனுக்கு எத்தனை டாலர் எந்தத் தேதியில் வந்தது என்பது யார் கோப்பில் இருக்கிறது? அரசின் கோப்பில். அரசோ எதிர்த்தரப்பு. ஐயாவின் முதல் கேள்விக்கு அங்கே பலரிடம் பதில் இல்லை. நகல் இல்லை. மனுக் கொடுத்ததற்கே சான்று இல்லாமல் தங்கை, மாமா, திருச்சபை ஊழியர் என்று சாட்சி தேடினார்கள்.

உரிய காலத்தில் வந்தவர்கள் 22,000க்கு மேல். ஏற்கப்பட்டவர்கள் சுமார் 15,600. மொத்தம் ஏறக்குறைய 106 கோடி டாலர். காலம் கடந்து வந்தவர்கள் 60,000க்கு மேல். ஒப்பந்தம் பற்றிய செய்தியே தங்களுக்குச் சேரவில்லை என்றார்கள். அவர்களில் உள்ளே விடப்பட்டவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். 2004இல் கீழவையின் ஒரு துணைக்குழு இதை விசாரித்தது. 2008 வேளாண் சட்டம் அவர்களுக்குக் கதவைத் திறந்து 10 கோடி டாலர் ஒதுக்கியது. அது போதாது என்பது எல்லாருக்கும் தெரியும். 2010 டிசம்பரில் மேலும் 115 கோடி. இப்படித் தவணை முறையில் நீதி வந்தது. விதைப்புக் கடனைப் போலவே.

ஒரு குற்றச்சாட்டை மறைக்கக்கூடாது. அந்த நாட்டில் மொத்தமே 18,500 கறுப்பின விவசாயிகள், இத்தனை ஆயிரம் பேர் எப்படி வந்தார்கள், பாதி போலி என்று பத்திரிகைகள் எழுதின. போலிகள் இருந்தார்கள், சிலர் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் 18,500 என்பது 1997இல் எஞ்சியவர்களின் கணக்கு. வழக்கு 1981 முதல் நிலத்தை இழந்தவர்களுக்கும், தொடங்க முயன்று கடன் கிடைக்காதவர்களுக்கும் சேர்த்து. ஊரைக் காலி செய்துவிட்டு, இந்த ஊரில் இத்தனை வீடுதானே இருக்கிறது என்று எண்ணுவது போன்ற கேள்வி அது.

பணம் வந்தது. நிலம் வரவில்லை. 50,000 டாலரில் ஒரு நல்ல டிராக்டர்கூட வாங்க முடியாது என்று அந்த விவசாயிகள் சொன்னார்கள். நிலம் திரும்பிய கதை அரிது. நியூ கம்யூனிட்டீஸ் இரண்டாவது வழியில் போராடி 2009இல் 1.2 கோடி டாலர் அளவுக்கு வென்றது. அந்தப் பணத்தில் 2011இல் ஆல்பனி அருகே 1,638 ஏக்கர் வாங்கினார்கள். வாங்கியது அடிமைகள் உழைத்த ஒரு பழைய பண்ணை. ஆறாயிரத்துக்கு ஈடாக ஆயிரத்து அறுநூறு என்றாலும், அந்தப் பத்திரத்தில் வாங்குபவர் பெயர் இருந்த இடத்தைப் பார்க்க எனக்கு ஆசையுண்டு.

இப்போது வணிகத்துக்கு வருகிறேன். கடனுக்கும் ஏற்றுமதிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். 2018இல் டிரம்ப் ஆட்சி சீனாவோடு வரிப்போர் தொடங்கியது. சீனா அமெரிக்க சோயாவை வாங்குவதைக் குறைத்தது. இழப்பை ஈடுகட்ட இரண்டு ஆண்டுகளில் 2,800 கோடி டாலர் வரை உதவி அறிவித்தார்கள். பணம் வந்தது 1933இல் உருவான சரக்குக் கடன் நிறுவனம் ஒன்றிலிருந்து. அதற்கு 3,000 கோடி டாலர் வரை கடன் வாங்கும் அதிகாரம் ஏற்கெனவே உண்டு. அதனால் ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றத்தில் வாக்கெடுக்கத் தேவையில்லை. பிக்ஃபர்ட் வழக்கின் ஒவ்வொரு டாலருக்கும் சட்டம், தணிக்கை, போலியைத் தேடும் விதிகள். இங்கே அமைச்சகத்தின் அறிவிப்பே போதும். உறுப்பினர்கள் கேள்வி கேட்டார்கள், தணிக்கை அலுவலகம் அறிக்கை எழுதியது. எல்லாம் பணம் போன பிறகு.

எப்படிப் பிரித்தார்கள்? முதல் ஆண்டு விளைந்த புஷலுக்கு இவ்வளவு, சோயாவுக்கு 1.65 டாலர். இரண்டாம் ஆண்டு ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர். அதாவது ஏக்கர் உள்ளவனுக்கு ஏக்கருக்கு ஏற்ப. விதியில் நிறம் என்ற சொல்லே இல்லை. தேவையுமில்லை. நிறத்தைக் கடன் அலுவலகம் முன்பே பார்த்து முடித்துவிட்டது. எண்பதுகளில் நிலத்தை இழந்தவனுக்கு 2019இல் வணிக இழப்பே கிடையாது. 2020 கொரோனாக் கால வேளாண் உதவியிலும் கறுப்பின விவசாயிகளுக்குப் போனது 0.1 சதவீதம் என்று 2021இல் வேளாண் அமைச்சர் வில்சாக்கே சொன்னார்.

பருத்தியில் இது இன்னும் தெளிவு. அமெரிக்கா தன் பருத்திக்கு மானியம் கொட்டி உலகவிலையை அழுத்துகிறது என்று பிரேசில் 2002இல் உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டு வென்றது. 2003இல் பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி ஆகிய நான்கு ஆப்பிரிக்க நாடுகள் எங்கள் பருத்தி விவசாயி அழிகிறான் என்று முறையிட்டன. பிரேசிலுக்கு 2010 முதல் ஆண்டுக்கு 14.7 கோடி டாலர் வீதமும் 2014இல் முடிவாக 30 கோடியும் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார்கள். பழிவாங்கும் வரி போடும் பலம் பிரேசிலுக்கு இருந்தது. அந்த நான்கு நாடுகளுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்து பருத்தி எடுக்க வைத்தார்கள். பேரன் அங்கே பருத்தி போடக் கடன் இல்லை. ஆப்பிரிக்காவில் இருக்கும் பங்காளியின் பருத்திக்கோ விலை இல்லை.

2021இல் காட்சி மாறியது போலத் தெரிந்தது. கீழவை வேளாண் குழுவுக்கு முதன்முறையாக ஒரு கறுப்பினத்தவர், ஜார்ஜியாவின் டேவிட் ஸ்காட், தலைவரானார். மார்ச் 25 அன்று கறுப்பின விவசாயிகளின் நிலை குறித்துக் குழு விசாரணை நடத்தியது. அதே மாதம் வந்த சட்டம், ஒடுக்கப்பட்ட பிரிவு விவசாயிகளின் அரசுக் கடனைத் தீர்க்கச் சுமார் 400 கோடி டாலர் ஒதுக்கியது. வெள்ளை விவசாயிகள் பல மாநிலங்களில் வழக்குப் போட்டார்கள். நிறம் பார்த்து உதவுவது சமத்துவத்துக்கு எதிரானது என்று நீதிமன்றங்கள் தடை விதித்தன. 2022இல் நாடாளுமன்றமே அந்தப் பிரிவை நீக்கிவிட்டு, நிறத்தைச் சொல்லாமல் இரண்டு திட்டம் வைத்தது: கடன் நெருக்கடியில் இருப்பவர்களுக்கு 310 கோடி, துறையின் பாகுபாட்டால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 220 கோடி. நிறம் பார்த்து மறுத்ததற்கு அறுபது ஆண்டுகள் ஒரு நீதிமன்றமும் தடை போடவில்லை. நிறம் பார்த்துத் திருப்பிக் கொடுக்கப்போனபோது மூன்றே மாதத்தில் தடை வந்தது. நம் சிறப்புக்கூறு நிதி பற்றியும் இடஒதுக்கீடு பற்றியும் நீதிமன்றங்களில் கேட்கும் வாதங்கள் உங்களுக்கு நினைவு வரலாம்.

நம் ஊரைப் பற்றி அதிகம் பேசமாட்டேன், எல்லாருக்கும் தெரிந்ததுதான். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் அறிக்கைக்குப் பிறகு 1892இல் பஞ்சமி நிலம் நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது. அது எப்படிக் கைமாறியது, 1994இல் காரணையில் அதைக் கேட்டபோது ஜான் தாமஸ், ஏழுமலை உயிர் எப்படிப் போனது என்பதை இந்த அரங்கில் பலமுறை பேசியிருக்கிறோம். பேசாத ஒன்றைச் சொல்கிறேன். 2021இல் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடனில் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது, 16.43 லட்சம் விவசாயிகளுக்கு. நல்ல காரியம். தள்ளுபடி வாங்க முதலில் கடன் வாங்கியிருக்கவேண்டும். கடன் வாங்கப் பட்டா வேண்டும், அடங்கல் வேண்டும், சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். என் அப்பா ஒன்றே கால் ஏக்கரை வைத்துக்கொண்டு உறுப்பினர் படிவம் கேட்டு ஒரு சங்கத்துக்கு மூன்று பட்டம் நடந்தார். யாரும் அவரை இல்லை என்று சொல்லவில்லை. “செயலாளர் வரட்டும்” என்றார்கள். வட்டிக்கு வெளியில் வாங்கி விதைத்தார். அவருக்கு எந்தத் தள்ளுபடியும் வராது, ஏனென்றால் எந்தப் புத்தகத்திலும் அவர் இல்லை.

அதனால் இங்குள்ள மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். சட்டமன்றத்தில் எவ்வளவு கடன் கொடுத்தோம் என்ற எண் ஆண்டுதோறும் வாசிக்கப்படுகிறது. யாருக்கு எத்தனை நாளில் கொடுத்தோம், எத்தனை விண்ணப்பம் திரும்பியது, உறுப்பினராக விண்ணப்பித்துக் காத்திருப்பவர் எத்தனை பேர், அதில் நம் மக்கள் எத்தனை என்பது வாசிக்கப்படுவதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் சங்கம் சங்கமாகக் கேளுங்கள். விண்ணப்பத் தேதி, பணம் வந்த தேதி, இந்த இரண்டு பத்தியை மட்டும் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் போங்கள்.

அமெரிக்கக் கதையில் ஒரு பகுதி மீதியிருக்கிறது. 2025 ஜூலையில் அந்த நாட்டு வேளாண் துறை, ஒடுக்கப்பட்ட பிரிவு விவசாயி என்று இனம், பாலினம் பார்த்து வகைப்படுத்துவதையே இனித் தன் திட்டங்களில் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. அதற்கு ஓராண்டு முன்பு, 2024 ஜூலை 31 அன்று, 2022 சட்டத்தின்படி இழப்பீடு அறிவித்தார்கள். 43,000 பேருக்குச் சுமார் 200 கோடி டாலர். மிசிசிப்பிக்கும் அலபாமாவுக்கும்தான் அதிகம் போனது. அதில் 23,000 பேர் விவசாயம் செய்தவர்கள். அவர்களுக்குச் சராசரி 82,000 டாலர். மற்ற 20,000 பேர் விவசாயம் செய்ய நினைத்து, கடன் கேட்டு, கிடைக்காமல் தொடங்காமலே போனவர்கள். அவர்களுக்கு ஆளுக்கு 3,500 முதல் 6,000 டாலர் வரை. 1920 முதல் இன்றுவரை எடுத்த எந்த வேளாண் கணக்கெடுப்பிலும் அந்த இருபதாயிரம் பேர் இல்லை. அவர்கள் கேட்ட நிலத்தில் இன்று வேறு யாரோ சோயா போடுகிறார்கள்.